நாலு விரக்கடை

முன்சுவர இடிச்சுட்டு ஒரு முழம் வெளிய தள்ளிக் கட்டிக்கலாமான்னா கேக்குறீங்க? நல்லாக் கேட்டீங்க போங்க. ஹாரான்லேர்ந்து நேத்துதான் வந்தீங்கன்னு மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. கோவிச்சுக்காதீங்க தம்பி. இந்த வீட்ட வித்துட்டு அர்பேலாவுல எங்க அண்ணன் வீட்டோட போய்ச் சேந்துடணும்னு நானே தவிச்சுக்கிட்டுத்தான் கெடக்கேன். வர்றவங்க எல்லாம் வாசல்ல நின்னு பாத்துட்டு, சின்ன வீடும்பாங்க, போயிடுவாங்க. அதுக்காகப் பொய் சொல்லி உங்க தலையில கட்ட மாட்டேன். சுவர உள்ள எவ்வளவு வேணா இழுத்துக்குங்க. வெளிய ஒரு நூலு கூடாது.

ஏன்னா, இது ராஜபாட்டை. இவ்வளவு அகலம் எதுக்கா? தேரு போகத்தான். புத்தாண்டுக்கு ஒருக்காப் போகும். மத்த நாளு ஆடு போகும்.

ஆனா ஒண்ணு, நினிவேல பாக்க வேண்டியதெல்லாம் நம்ம வாசல்லேர்ந்தே தெரியும். வடக்கால பாருங்க, நெர்கால் சாமி வாசல். ரெக்கை மொளச்ச காளை ரெண்டு நிக்குதா, தலை மட்டும் மனுசத் தலை? இந்தப் பக்கம் மேட்டு மேல அரண்மனை. பேரே இணையில்லாத அரண்மனை. மதிலுக்கும் பேரு வச்சிருக்காங்க தம்பி, எதிரிய மெரட்டுற மதிலாம். எந்த எதிரி வந்தான்? நான் வாக்கப்பட்டு வந்த நாளாப் பாக்குறேன், ஒருத்தனும் வரல. மெரண்டது பூரா நாங்கதான். மலையக் கொடஞ்சு வாய்க்கால் கொண்டாந்தாங்க, ராஜா தோட்டத்துல பஞ்சு காய்க்கிற மரம் தண்ணி குடிக்கணுமாம். நமக்குக் கொல்லைக் கெணறுதான். உப்புக் கரிக்கும், இப்பவே சொல்லிட்டேன்.

இல்லல்ல, சுவரு புதுசுதான். எங்க வீட்டுக்காரரு கக்குல்லானு கட்டினது. எள்ளெண்ணெய் ஆட்டுறவரு, கொத்தன் வேலை எல்லாம் தெரியாது. மாமனார் காலத்துச் சுவரு, பச்சைச் செங்கல்லு, மழையில அடி அரிச்சு வயிறு தள்ளிருச்சு. வருசா வருசம் மழைக்கு முன்னாடி சேறும் வைக்கோலும் கொழச்சுப் பூசுவோம்ல, உங்க ஊர்லயும் அப்படித்தான? பூசப் பூச சுவரு தடிச்சுக்கிட்டே வரும். யாரு கவனிச்சா? இவரு இடிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பூச்சு மேலயே கயித்தப் புடிச்சு அடையாளம் போட்டாரு. எங்கப்பா சுவரு இங்கதான நின்னுச்சுன்னாரு, அங்கயே கட்டினாரு. அரண்மனைலேர்ந்து அளக்க வந்தவனுங்க நாலு விரக்கடை பாட்டையில நிக்குதுன்னுட்டானுங்க.

சேறு ஐயா, வெறும் சேத்துப் பூச்சு, செதுக்கிடறேன்னு கால்ல விழுந்தாரு. அன்னிக்கே செதுக்கினோம், நானும் நின்னு செதுக்கினேன். பழைய சுவரு பெருத்தா ஒண்ணுமில்லையாம். புதுசாக் கட்டி முன்ன வந்தா ராஜ குத்தமாம். பாவிங்க.

வெலைய விடுங்க, கொறைச்சே குடுங்க. எனக்கு ஒரு வாக்கு மட்டும் வேணும். உள்ளறைத் தரைக்குக் கீழ எங்க மாமியாரும் என் மூத்த பொண்ணும் இருக்காங்க. மாசம் ஒருக்கா ஒரு கொவளத் தண்ணி ஊத்திடுங்க. தொண்ட வறண்டு கெடக்கக் கூடாது.

அவரா? அவரு கீழ இல்ல. பொதைக்க விடல.

மாடியா, தாராளமாப் பாருங்க. படி உறுதியாத்தான் இருக்கு. முன்பக்கம் மட்டும் பாத்துக் கால வைங்க, ஒரு குழி கெடக்கு. கழு நட்ட எடம். அவனவன அவனவன் வீட்டு மேலயே ஏத்தணும்கிறதுதான் சட்டம். எனக்கு அடைக்க மனசு வரல. நீங்க வாங்கினா மொதல்ல அத அடைச்சுடுங்க தம்பி. மழை பெஞ்சா நேரா என் படுக்கையிலதான் ஒழுகுது.