பின்வாசல் பூட்டு

முதலில் காபியைக் குடியுங்கள். டெல்லிக் குளிரில் சீக்கிரம் ஆறிவிடும்.

நான் தலைவராக இருந்தவரை எங்கள் இயக்குநர் குழுவில் எந்தத் தீர்மானமும் ஓட்டெடுப்புக்குப் போனதில்லை. எல்லாம் ஒருமனதாகவே நடந்தது. அடுத்த வாரம் எனக்கு விருது கொடுப்பதும் அதற்காகத்தான். உங்கள் பத்திரிகைக்கு வேண்டியதும் அந்தக் கதைதான். ஆனால் நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

எழுபத்தெட்டில், இங்கே டெல்லி ஓக்லாவில் இருந்த எங்கள் பெயின்ட் ஃபாக்டரியில் டப்பாக்கள் திருடுபோயின. பின்வாசலைப் பூட்டிவைக்கச் சொன்னேன். வாய்வார்த்தையாகத்தான் சொன்னேன். குழுவில் ஜெபதுரை என்ற எஞ்சினியர் இருந்தார், நாகர்கோவில்காரர். எங்களில் ஃபாக்டரிக்குள் தினமும் கால்வைத்தவர் அவர் ஒருவர்தான்.

கூட்டத்தில் அவர் எழுந்தார். "சார், உள்ள பூரா தின்னர், பெட்ரோல் மாதிரி பத்திக்கும். தீப்பிடிச்சா லேபிள் ஒட்டுற பொம்பளைங்க எந்த வழியா வெளிய வருவாங்க?"

"நல்ல கேள்வி, ஜெபதுரை. அடுத்த கூட்டத்தில் விவரமாகப் பேசலாம்" என்றேன்.

அடுத்த கூட்டத்திலும் கேட்டார். நானும் அதையே சொன்னேன். மற்றவர்கள் சிரித்தார்கள். மரியாதைக்காக அவரும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

மே மாதம் ஒரு பிற்பகலில் தீப்பிடித்தது. தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பிலிருந்து வந்து லேபிள் ஒட்டும் வேலை செய்த வீராயி, செங்கம்மாள், பவுனு மூவரும் பின்வாசலை ஒட்டியே இறந்து கிடந்தார்கள். பவுனுவின் விரல்கள் கதவின் கீழ் இடுக்கில் நுழைந்திருந்தன.

அன்று மாலையே குழுவைக் கூட்டினேன். காயம்பட்டவர்களோடு ஜெபதுரை ஆஸ்பத்திரியில் இருந்தார். தலைவர் மாட்டினால் கம்பெனி மூழ்கும், அத்தனை குடும்பங்களும் தெருவுக்கு வரும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். ஃபாக்டரி ஜெபதுரையின் பொறுப்பு, கதவை அவர்தான் பூட்டச் சொன்னார், குழுவுக்கு ஒன்றும் தெரியாது, இதுதான் நாம் சொல்ல வேண்டியது. "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். போலீஸிடமும் நாங்கள் எல்லோரும் அப்படியே சொன்னோம்.

அவரைக் கைது செய்த மறுநாள் அவர் மனைவி இன்பராணி என் வீட்டுக்கு வந்தார். நர்ஸ். டியூட்டி முடிந்து வெள்ளைப் புடவையோடே வந்திருந்தார்.

"அந்தக் கதவுக்காக உங்ககிட்ட எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன்னு அவங்க வீட்டுல சொல்லி வருத்தப்பட்டாங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க."

"அப்படி எதுவும் எனக்கு நினைவில்லையே அம்மா."

அவர் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க சார்" என்று எழுந்தார். அந்த 'சார்' இன்றும் காதில் விழுந்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

வழக்கு முடியுமுன் ஜெபதுரை ஜெயிலிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பெயர் வந்தது. பம்பாய், கல்கத்தா என்று போய் இயக்குநர்களுக்கு வகுப்பெடுத்தேன். பொறுப்பற்ற நிர்வாகிக்கு உதாரணம் கேட்டால் ஜெபதுரையைத்தான் சொல்வேன். எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். இரண்டாவது, மூன்றாவது தடவை சொல்லும்போது நாக்கு தடுமாறியது. பிறகு பழகிவிட்டது.

எழுதிக்கொள்ளுங்கள். பூட்டச் சொன்னது நான். மூன்று பெண்களையும், அவர்களுக்காகப் பேசிய ஒரே மனிதரையும் கொன்றது நான்.

இன்பராணி இப்போது ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். இங்கிருந்து ஒரே பஸ். நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். ஆறிப்போன புண்ணைக் கிளறி அந்த அம்மாவை மறுபடி நோகடிக்கக் கூடாது என்றுதான் இத்தனை வருஷமாகப் போகவில்லை.