சத்தம் வராத மூடி

அட, கேமராவ எதுக்கு இப்பவே எடுக்குற? உள்ள வை. முதல்ல பாகுல ஊறின இந்த அத்திப்பழ ஸ்லாத்கோ ஒரு கரண்டி வாயில போடு, தண்ணி குடி. நல்லாருக்கா? அவரு மேல வர்றதுக்குள்ள உங்கிட்ட ஒண்ணு பேசணும்மா.

மெத்தோடியத்தான் சொல்றேன், எங்க வீட்டுக்காரர். நீ வரும்போது வாசல்ல கம்முன்னு நின்னாரே, அவருதான். வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும் அந்த மனுஷனுக்கு. படம் புடிக்க நல்ல பாட்டிலாப் பாத்து எடுத்துட்டு வரேன்னு அவராவே கீழ நிலவறைக்கு எறங்கிப் போனாரு, பாத்தியா?

ஆமாம்மா, இந்தக் கை வலிக்கு உங்க ஆஸ்பத்திரி குடுத்த ஆப் தெனமும் காலைல போன்ல மணியடிக்கும். வலி எவ்வளவு, விரல மடக்கு, நீட்டு, வட்டம் போடு. எல்லாம் ஒழுங்காத்தான் செய்றேன். கடைசில ஒரு கேள்வி வரும்ல, பாட்டில் மூடி தொறக்க இன்னைக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு? தொறக்காம எப்படிப் பதில் சொல்றது? அதனால தெனம் ஐவார் பாட்டில் ஒண்ணு தொறந்துட்டுத்தான் பதில் போடுவேன்.

சிரிக்காத. மத்தவங்கல்லாம் தொறக்கலையா? மனசுக்குள்ளயே தொறந்து பாத்துட்டு பதில் போட்டாங்களா? நல்லாருக்கே கதை!

தொறந்தா வெச்சு அழகு பாக்க முடியுமா, திங்கணும். காலைல ரொட்டிக்குத் தொட்டுக்க ஐவார், மத்தியானம் ஐவார், ராத்திரியும் அதே. பக்கத்து வீட்டு ஸ்லோபோதான்கா என்னைக் கண்டாலே சந்து மாறிப் போறா, கைல பாட்டிலக் குடுத்துடுவேன்னு. இலையுதிர் காலத்துல மூட்டை மூட்டையா செவப்புக் குடமெளகா சுட்டு, தோலுரிச்சு, நாள் முழுக்க நின்னு கிண்டி அடைச்ச ஐவாரும்மா அது. பனி உருகறதுக்குள்ள அலமாரியே காலியாகப் போவுது.

கஷ்டமே இல்லன்னுதான் தெனமும் போட்டேன். தெரியும், அதப் பாத்துட்டுத்தான் நீ ஸ்கோப்யே ஆஸ்பத்திரிலேர்ந்து ஓடி வந்திருக்க. இத்தன பேர்ல எனக்குத்தான் கை தேறிடுச்சு, படம் புடிச்சு மத்த நோயாளிங்களுக்குக் காட்டணும், அப்படித்தானே?

இந்தா, இந்தக் கையப் புடிச்சுப் பாரு. பெருவிரல் அடியில எப்படி வீங்கிருக்கு? இது மூடி தொறக்குற கையா?

இரு, இரு. நான் பொய் சொல்லல. தொறந்தது நான்தான். தொட்டாலே தொறந்துக்கும். ஆனா சத்தம் வராது. உங்கம்மா ஐவார் போடுவாங்கல்ல? சூடா அடைச்ச பாட்டில முதல்தடவ தொறந்தா டொக்குன்னு ஒண்ணு வருமே, அது வரல. முதல் நாளு, சரி, நான்தான் சரியா மூடல போலன்னு விட்டுட்டேன். மறுநாளும் வரல. நான் அடைச்சதுல ஒண்ணு ரெண்டு சோடை போகலாம், அத்தனையுமா போகும்?

அப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு. நான் மூஞ்சி கழுவப் போற நேரமாப் பாத்து மனுஷன் கீழ எறங்குறாரு. ஒரு மூடியத் திருகித் தளர்த்தி, பட்டும் படாம மூடி, முன்வரிசையில வெச்சுட்டு, பூனை மாதிரி வந்து பேப்பர விரிச்சுக்குறாரு. கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்ததில்லம்மா இந்த ஆளு. எனக்கு எப்படி இருந்துச்சுங்குற? சந்தோஷமா இருந்துச்சு, வேறென்ன. அதான் கஷ்டமே இல்லன்னு போட்டேன். எனக்கு நெசமாவே கஷ்டமா இல்லையே.

உன் கணக்கெல்லாம் கெட்டுப்போச்சா? என் பேர அடிச்சுடு, போ. இத போன்லயே சொல்லியிருக்கலாம்தான். ஆனா நீ நேர்ல வந்தாத்தான் ஒரு காரியம் ஆகும்.

கொஞ்ச நாளாவே அவரு சட்டைப் பொத்தான எடது கையால போட்டுக்குறாரு. ரொட்டி வெட்டச் சொன்னா கத்திய என் பக்கம் தள்ளுறாரு. தெனம் மூடி திருகித் திருகி வலது மணிக்கட்டு பன்னு மாதிரி வீங்கிக் கெடக்கு. என்னான்னு கேட்டா கொசு கடிச்சுதாம். இந்தப் பனியில கொசு! டாக்டர்கிட்ட போவோம்னா அன்னைக்குன்னு பாத்து காது கேக்காது.

படில சத்தம் கேக்குது. கேமராவ எடு, எடு. படம் புடிக்கிற மாதிரி பாவனை பண்ணு. அப்புறம் அவரோட போன வாங்கி அந்த ஆப்ப அதுலயும் போட்டு விடு. வீட்டுக்காரரும் கூடச் சேந்து செய்யணும், இது ஆஸ்பத்திரி சட்டம்னு கண்டிப்பாச் சொல்லு. மணிக்கட்டையும் புடிச்சுப் பாத்துடு. அந்தக் கடைசிக் கேள்விய மட்டும் ரெண்டு போன்லேர்ந்தும் தூக்கிடும்மா, புண்ணியமாப் போகும். நான் சொன்னதா மூச்சு விடாத.

என்ன மெத்தோடி, ஒரு பாட்டில் எடுக்க இவ்வளவு நேரமா? குடுங்க இப்படி, நானே தொறந்துக்குறேன்.