கதவு இருந்த கட்டம்

காலையில் கான்ஸ்டபிளை அனுப்பி என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள் சார், அதற்கு முதலில் நன்றி. இந்த மிஷின் விஷயம் தெரிந்தவர் யார் என்று கேட்டு ஒருவர் என்னைத் தேடி வருவது இப்போதெல்லாம் அபூர்வம்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண்ணை உட்கார வைத்திருக்கிறீர்களே, கஸ்தூரி, அவள் எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் தப்பே இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸ் பெண், கெட்டிக்காரி. அவளை அனுப்பிவிடலாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி செய்வது ஒன்றுதான். கார் உதிரிபாகம் அடிக்கும் பிரஸ் மிஷினைக் கம்ப்யூட்டரோடு பேச வைப்பது. மிஷினில் உள்ள கார்டு எண்களை வரிசையாக அனுப்பும். கம்ப்யூட்டரின் அடிமட்டத்தை கெர்னல் என்பார்கள். அதில் ஏற்றிய மாட்யூல் என்கிற சின்ன நிரல் அந்த எண்களைக் கட்டம் கட்டமாகப் படிக்கும். எண்ணுக்குப் பெயர் கிடையாது சார். எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதுதான் அதற்குப் பெயர்.

பழைய கார்டும் அதன் வரிசையும் நான் செய்தவை. முதல் கட்டம், கார்டு பழசா புதுசா என்று சொல்லும். அடுத்தது தடுப்புக் கதவு. திறந்திருந்தால் பூஜ்யம், பிரஸ் இறங்காது. அதற்கடுத்தது எண்ணெய் அழுத்தம். புதுக் கார்டில் எண்ணெய்ச் சூட்டை முதல் கட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் நுழைத்தார்கள், கதவு ஒரு கட்டம் தள்ளிப் போயிற்று. அதனால் மாட்யூல் முதல் கட்டத்தைப் பார்த்து, பழசென்றால் பழைய மாதிரியும் புதுசென்றால் புது மாதிரியும் படிக்க வேண்டும். கஸ்தூரி அப்படித்தான் எழுதினாள்.

"உங்க பழைய மிஷின் ஒண்ணுகூட நிக்கக் கூடாது சார். அதுக்காகத்தான் இவ்ளோ மெனக்கெட்டேன்," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பழைய மிஷின்கள் அடிக்கடி நிற்கும், சரிசெய்ய ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் முதலாளி செங்கல்வராயன் என்னை வைத்திருந்தார். அன்று சாயங்காலமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"கலியமூர்த்தி, இனிமே பழசையும் அந்தப் பொண்ணே பாத்துக்கும். நீ ஸ்டோர்ஸ்ல போய் ஒக்காரு. அதுவும் தீபாவளி வரைக்கும்தான்."

காலில் விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டியவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? வீட்டில் ராஜம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. டிபன் பாக்ஸோடு வந்து நட்டு போல்ட்டு நடுவில் உட்கார்ந்து, யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் சார், வெறும் பயம்.

கஸ்தூரி சோதித்து முடித்த நிரல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பூட்டில்லாமல் கிடந்தது. அவள் சாப்பிடப் போயிருந்தபோது, முதல் கட்டத்தைப் பார்க்கும் வரியை மட்டும் மாற்றினேன். இனி பழைய கார்டையும் புதுசு என்றே எடுத்துக்கொள்ளும். மிஷின் நின்றுவிடும், பட்டறைக்காரர் கத்துவார், முதலாளி என்னைக் கூப்பிடுவார், நான் போய்ச் சரிசெய்வேன். யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்று நினைத்தேன்.

ஸ்டோர்ஸ் ஆள் என்பதால், பழைய மிஷின் இருக்கும் நூம்பல் பட்டறைக்கு அந்த நிரல் உள்ள ஃப்ளாப்பியை நானே கொண்டுபோய் ஏற்றினேன். அங்கே பிரஸ் ஓட்டுகிற துலுக்கானம் எனக்குப் பல வருஷப் பழக்கம். டீ வாங்கி வைத்தார்.

"இன்னா சார், நல்லாத்தான ஓடிகினு கீது? அப்பால இன்னாத்துக்கு புச்சா போடறே?"

"இனிமேலும் நல்லா ஓடும் துலுக்கானம்," என்றேன்.

ஓடியது. நிற்கவே இல்லை. ஏனென்று சொல்கிறேன். புது மாதிரி படித்தால், கதவு இருக்க வேண்டிய கட்டத்தில் பழைய கார்டின் எண்ணெய் அழுத்தம் வந்து நிற்கும். பிரஸ் ஓடும்வரை அது பூஜ்யமாகாது. கதவு எப்போதும் மூடியிருப்பதாகவே கம்ப்யூட்டர் நம்பும். வரிசையைச் செய்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். மிஷின் வெறுமனே நின்றால் கஸ்தூரியே ஆட்டோ பிடித்துப் போய்ச் சரிசெய்துவிடுவாள் என்பதும் தெரியும். அவளைப் பழைய மிஷின் பக்கமே விடாதபடி ஏதாவது நடக்க வேண்டியிருந்தது.

மறுநாள் துலுக்கானம் கதவைத் திறந்து, அடித்த தகட்டை எடுக்க உள்ளே கையை விட்டார். கதவு திறந்திருந்தும் பிரஸ் இறங்கியது. இரண்டு கையும் போயிற்று.

முதலாளி ஸ்டோர்ஸ் வாசலுக்கே வந்தார். "கலியமூர்த்தி, உன்ன வுட்டா ஆளில்லப்பா, வா," என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துலுக்கானத்துக்காகவும்தான். அவருடைய காரிலேயே போனேன். தரையைக் கழுவி முடிப்பதற்குள் மாட்யூலைச் சரிசெய்துவிட்டேன். என்ன கோளாறு என்று யாரும் கேட்கவில்லை, எழுதியவள் பெயர் அதில் இருந்தது. ஆனால் வேலை முடிந்ததும் என்னை மறுபடி ஸ்டோர்ஸில்தான் உட்கார வைத்தார்கள். மற்ற இடங்களிலுள்ள பழைய மிஷின்களைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை.

வானகரத்திலும் ஒரு பழைய மிஷின் இருக்கிறது சார். அதே ஃப்ளாப்பியைத்தான் அங்கேயும் ஏற்றினேன், அது இன்னும் அப்படியே இருக்கிறது. பகல் ஷிப்டில் வேம்புலியம்மாள் என்று ஒரு அம்மா ஓட்டுகிறார், நல்ல மனுஷி. அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று திருவேற்காட்டு அம்மனைத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்நேரம் ஷிப்ட் ஆரம்பித்திருக்கும். சரிசெய்வது எனக்குப் பெரிய வேலையில்லை. அவர்கள் என்னைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.