பதினேழாம் எண் நிலா

மாதுங்காவிலிருந்து எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்து, இந்த அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய நாணு அவர்களே! வீதி வீதியாக வண்ணம் சுமந்து, ஏணி ஏணியாக ஏறி இறங்கி, எங்கள் கைகளில் தூரிகையைத் திணித்த ஓவிய ஆசிரியை வந்தனா அவர்களே! சுவர் முழுக்க வானத்தை விரித்துவிட்டு, ஒன்றுமே செய்யாதவர்கள் போல உட்கார்ந்திருக்கும் தாராவியின் ஓவியர்களே, வெளியிலிருந்து வந்து வரைந்தவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்திருக்கும் தாய்மார்களே! என்னைவிட வயதில் மூத்த பெரியோர்களே! அப்படி யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவர், இருவர். போதும், மனம் குளிர்ந்தது. நிறைவாக, இந்த மேசைமேல் மைக்குக்குப் பக்கத்தில் கிடக்கும் செல்போனே! அதற்குள்ளிருந்து எங்கள் வீட்டு மேல் அறையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் என் மனைவி தங்கத்தாயே! எல்லோருக்கும் இந்த ஞானதுரையின் எழுபத்திரண்டு வயது வணக்கம்.

இந்தப் பேச்சை நானே எழுதினேன். ஆமாம், கை தட்டுங்கள், எனக்குப் பிடிக்கும். இதே கூடத்தில், இதே விசிறிக்குக் கீழே, எழுபது வயதில் எழுத்துப் படிக்க உட்கார்ந்தவன் நான். பதினொரு நாள் எழுதினேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிப்போகும். பதினொரு நாளும் ஆறிய டீயே குடித்தேன். அதைப் போல இனித்த டீ என் வாழ்நாளில் இல்லை. வானம் என்று எழுதிப் பார்த்தேன். மூன்றே எழுத்து. இவ்வளவு பெரிய பொருள் என் நோட்டில் ஒரு சாண் இடம்கூடக் கேட்கவில்லையே என்று திகைத்தேன்.

அவையோரே! உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வானத்தை வரைந்தவர்களின் விழாவில், வானத்தை மூடியவன் பேசலாமா? ஆம், நான் வானத்தை மூடியவன். நாற்பது ஆண்டு என் தொழில் கூரைமேல். வைகாசி வெயிலில் ஏறி, வீட்டுக்கு வீடு தார்ப்பாய் விரிப்பது, கயிறு இழுத்துக் கட்டுவது, காற்றுக்குப் பறக்காமல் இருக்கச் செங்கலும் பழைய டயரும் தூக்கி வைப்பது. மழை முடிந்ததும் மறுபடி ஏறி, எல்லாவற்றையும் கழற்றி மடித்துக் கொடுப்பது. தார்ப்பாய்க்குத் தாட்பத்ரி என்பார்கள் இந்தி பேசுகிறவர்கள், என்னைத் தாட்பத்ரிக்காரன் என்று கூப்பிடுவார்கள். தொண்ணூறு அடி சாலைக்கு இந்தப் பக்கம் என் கால் படாத கூரை இல்லை.

அந்தக் கூரைமேல் நின்று பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். கீழே சந்தில் நடப்பவனுக்கு வானம் ஒரு நாடா அகலம். மேலே ஏறினால், அம்மாடி! வேலை முடிந்த அன்று சாயங்காலம் நானும் என் கூட்டாளி கரீம் பாட்சாவும் கால் நீட்டி உட்காருவோம். கண்ணுக்கு எட்டியவரை நீலம். நாங்கள் விரித்த நீலம். காற்று வந்து அதன் அடியில் புகுந்தால் கூரைகள் எல்லாம் மெல்ல மூச்சு விடும். எது வானம், எது தார்ப்பாய் என்று தெரியாது. விமானம் எங்கள் தலைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும்போது, அதில் வருகிறவன் கடல்தான் கீழே இருக்கிறது என்று நினைப்பான் என்று கரீம் சொல்வான். நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

இந்தச் சுவர்களைப் பாருங்கள். செம்பூரில் இருப்பவர் வரைந்த வானத்தில் எண்ணெய் ஆலையின் தீ நாக்கு சூரியனுக்குத் தம்பி போல நிற்கிறது. வடாலாக்காரர் தன் வானத்தின் குறுக்கே மோனோரயிலை மண்புழுப் போல ஊரவிட்டிருக்கிறார். டோம்பிவிலியிலிருந்து தினமும் வந்து போகும் ஒருவருடைய வானம் முக்கோணமாக இருக்கிறது! ஏன் ஐயா முக்கோணம் என்று கேட்டேன். "தாத்தா, லோக்கல் ரயில்ல கம்பியைப் பிடிச்சுத் தொங்குற ரெண்டு கைக்கு நடுவுல அவ்வளவுதான் தெரியும்" என்றார். வானம் அவருக்கு அக்குளின் அளவு! சிரிக்காதீர்கள். அந்த முக்கோணத்துக்குள் அவர் ஒரு கொக்கைப் பறக்கவிட்டிருக்கிறார். அந்த ஒரு கொக்குக்காக அவர் ஒன்றே கால் மணி நேரம் தொங்கிக்கொண்டு வருகிறார்.

இப்போது பதினேழாம் எண்ணுக்கு வருகிறேன். பதினொரு நாள் எழுதியதில் இது இல்லை, நேற்று முன்தினம்தான் தெரிந்தது, ஆனால் இப்போது இதற்காகத்தான் இந்தப் பேச்சே. நான் உங்கள் முன்னால் ஒரு குற்றத்தைச் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஓர் உதவி கேட்க வேண்டும்.

பதினேழாம் எண் ஓவியத்தை வரைந்தவள் என் மனைவி தங்கத்தாய். மூன்று ஆண்டுக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து மேல் அறைதான் அவளுக்கு உலகம். அந்த இரும்பு ஏணியில் அவளால் இறங்க முடியாது. இந்த விழாவுக்கு நான்கு பேரை வைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். "என்னையத் தூக்கிட்டுப் போறதுக்கு நா என்ன சப்பரமா? போனைப் பக்கத்துல வைங்க, போதும்" என்றாள். வைத்திருக்கிறேன்.

வந்தனா டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த ஏணியில் ஏறி, தாளும் வண்ணமும் கொடுத்து, "அம்மா, நீங்க தினமும் பாக்கற வானத்தை வரைங்கோ, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்களாம். இரண்டு வாரம் வரைந்தாள். எனக்குக் காட்டவில்லை. நேற்று முன்தினம் இங்கே மாட்டிய பிறகுதான் பார்த்தேன். முதலில் படத்தைப் பார்க்கவில்லை. அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். விரல் வைத்துப் படித்தேன். 'வட்ட நிலா. ஓவியர்: தங்கத்தாய்.' ஐம்பது ஆண்டு நான் கூப்பிட்ட பெயர்! சுவரில் அதை நானே படித்தபோது, யாரோ பெரிய ஆள் பெயரைப் படிப்பது போல இருந்தது.

பிறகு படத்தைப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். ஆழமான நீலம். நடுவில் கறுப்பாக ஒரு வளையம். ஓரத்தில் மூன்று கருமேகம். அங்கங்கே மூன்று மூன்று கோடாகச் சின்ன நட்சத்திரங்கள். அன்றைக்குப் பார்வையிட வந்திருந்த நம் தலைவர் நாணு அவர்கள் அதன் முன்னால் நின்று, "அடடா, நிலாவைச் சுத்திக் கோட்டை கட்டியிருக்கு பாருங்கோ!" என்று சொக்கிப் போனார். பக்கத்திலிருந்த எல்லோரும் நிலா, நிலா என்றார்கள். நான் மட்டும் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தேன். அந்த வளையத்தை எனக்குத் தெரியும். அதன் ஓரத்தில் ஒரு கடி கடித்தாற்போல இருக்கிறதே, அந்தக் கடியையும் தெரியும்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"ஏளா, நீ எப்பம் நிலாவைப் பாத்த?"

"நிலாவா? நா எங்க நிலா வரைஞ்சேன்? அது ஒங்க டயருல்லா!"

"அப்பம் அந்த மேகம்?"

"செங்கலு."

"நட்சத்திரம்?"

"காக்கா காலு. காலைல ரெண்டு காக்கா மேல வந்து நடக்கும். ஒண்ணு நொண்டி. பாருங்க, ஒரு காலு அழுத்தமா இருக்கும், ஒரு காலு லேசா இருக்கும்."

"இதை அந்த டீச்சர்ட்ட சொல்லாண்டாமா?"

"அவிய நிலா நிலான்னு அம்புட்டு சந்தோசப்பட்டாவ. நா ஏன் கெடுக்கணும்?"

என்னவென்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். மேல் அறை கட்டியபோது, கூரையில் சிமெண்டுத் தகடுகளுக்கு நடுவே கண்ணாடி போல ஒளி விடும் ஒரு பிளாஸ்டிக் தகட்டை நான்தான் வைத்தேன். அவள் அந்த வெளிச்சத்தில் சட்டைக்குப் பொத்தான் தைப்பாள். மழைக்காலம் வந்தால் அதன்மேலும் தார்ப்பாய் வரும். மழை போனால் தார்ப்பாயும் போகும். அவள் விழுந்த அந்த ஆண்டு என் முட்டியும் போயிற்று. ஊரார் கூரையெல்லாம் ஆள் வைத்துத் திறந்து கொடுத்தேன். என் வீட்டுக் கூரையை, நாளைக்கு ஆகட்டும் என்று விட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று ஆண்டு! நாற்பது ஆண்டு வானத்தைத் திறந்து மூடியவன், தன் மனைவியின் தலைக்கு மேலே மூடியதைத் திறக்கவில்லை. அவள் படுத்தபடி பார்த்தது வானமா? இல்லை. நான் போட்ட தார்ப்பாய். அவள் கண்ட நிலா எது? நான் வைத்த டயர். அவள் எண்ணிய நட்சத்திரம் எது? நொண்டிக் காக்கையின் கால் தடம். இதுதான் என் குற்றம். அன்றைக்கு அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன். தங்கத்தாய், நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! ஏன் கேட்கவில்லை?

சற்றுப் பொறுங்கள். போனில் ஏதோ சொல்கிறாள். மைக்கைப் பக்கத்தில் வைக்கிறேன். ம், சொல்லு.

கேட்டீர்களா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? நானே சொல்கிறேன். "கேட்டா ஏறிருவிய. அதான் கேக்கல" என்கிறாள்.

இதை இன்று ராத்திரி என் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

அவையோரே, அந்தப் படத்தை மறுபடி பாருங்கள். அதில் ஒரு சொட்டுக்கூட வருத்தம் இல்லை. மூடிய துணியின் அடியில் படுத்துக்கொண்டு, என் முட்டியைக் காப்பாற்றிக்கொண்டு, டயருக்கு ஒளி பார்த்து, செங்கல்லுக்குச் சாயல் பார்த்து, காக்கையின் நொண்டலைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாள். கிடைத்ததை வானம் ஆக்கிக்கொள்ளும் கண் அவளுக்கு உண்டு. அதற்காக நாம் அவளுக்குத் தார்ப்பாயையே கொடுத்துக்கொண்டிருக்கலாமா? கீழே இருக்கும் நமக்கு வெட்கம் வேண்டாமா?

இனி நான் கேட்கும் உதவி. மழை நின்று பதினைந்து நாள் ஆயிற்று. ஏணியில் இறங்க முடியாமல் மேலே படுத்திருப்பவள் என் மனைவி மட்டும்தானா? எங்கள் பின் சந்தில் அக்தர் பானு அம்மா இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருவர். நேற்று இந்த முட்டியோடு நடந்து நடந்து விசாரித்து எழுதினேன், ஏழு வீடு. ஏழு கூரை. நாளை மறுநாள் ஞாயிறு. ஏறத் தெரிந்தவர்கள் வாருங்கள், கயிறு பிடிக்கத் தெரிந்தவர்கள் வாருங்கள், ஏணி வைத்திருப்பவர்கள் ஏணியோடு வாருங்கள்! வரைந்த வானம் சுவரில் இருக்கட்டும். வராத வானத்தை வீட்டுக்குள் வரவழைப்போம்!

என்ன தாயே கேட்டீர்கள்? "அண்ணாச்சி, மறுபடி மழை வந்தா?" வந்தால் மறுபடி மூடுவோம் தாயே. மூடுவது பாதித் தொழில். திறப்பது மீதிப் பாதி. இந்த மீதியைத்தான் நான் மூன்று ஆண்டு மறந்தேன்.

யார் அங்கே எழுந்து நிற்பது? கரீம்! அறுபத்தெட்டு வயதில் இவனுக்கு வேகத்தைப் பாருங்கள். "யோவ் ஞானதுரை, நீ கீழயே நில்லுய்யா. உன் வீட்டு மேல நான் ஏறுறேன். அந்த டயரே என் ஸ்கூட்டர் டயருதான், எனக்குத் தெரியாதா?" என்கிறான். ஆமாம் சபையோரே, அந்த நிலா கரீமின் ஸ்கூட்டரிலிருந்து வந்தது! அதோ, முக்கோண வானக்காரரும் கை தூக்குகிறார். தொங்கிப் பழகியவர், கயிற்றுக்கு ஆவார். இன்னும் இரண்டு பெண்கள். இன்னும், இன்னும்! போதும், கூரை தாங்காது. ஒன்றே ஒன்று நினைவில் வையுங்கள். தகட்டின் நடுவில் கால் வைக்கக் கூடாது. ஆணி அடித்த வரிசையில் மட்டும் நடக்க வேண்டும், அதன் அடியில்தான் இரும்பு இருக்கிறது. கீழிருந்து ஒவ்வொரு அடிக்கும் நான் குரல் கொடுப்பேன். என் முட்டிதான் போயிற்று, குரல் போகவில்லை.

என்ன தங்கத்தாய், மறுபடி என்ன? ஓகோ. ஓவியர் ஒரு நிபந்தனை வைக்கிறார். "டயரை எறிஞ்சிராதிய. ஓரமா இருக்கட்டும். காக்காவுக்கு உக்கார எடம் வேணும்லா." சரி. வந்தனா டீச்சர், உங்களுக்கும் ஒன்று சொல்கிறாள்: அந்தச் சீட்டையும் மாற்ற வேண்டாம், நிலா என்றே இருக்கட்டும் என்கிறாள். அப்புறம், "எம்புட்டு நேரம் நீட்டுவிய, எல்லாரும் பசியா இருப்பாவ" என்கிறாள். அதுவும் சரி. நோட்டில் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது, மடித்துவிட்டேன்.

என் ஆறிய டீக்களுக்கும், எழுத்துச் சொல்லித் தந்தவர்களுக்கும், வண்ணம் தந்தவர்களுக்கும், கை தூக்கிய ஒவ்வொருவருக்கும், பொறுமையாக இருந்து கேட்ட தலைவருக்கும் தாய்மார்களுக்கும் இந்தக் கூரைக்காரனின் நன்றி.

தங்கத்தாய், ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே கரீமின் காலடி கேட்கும். காக்கை என்று நினைத்துவிடாதே. கேட்டதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள். மூன்று ஆண்டு நீலத்திலேயே இருந்த கண், கூசும். நான் கீழிருந்து சொல்கிறேன். சொன்ன பிறகு மெதுவாகத் திற.

வணக்கம்.