அன்று வாட்டில் நின்றவர்கள்

மேடையில் இருக்கும் பெரிய டொக்டர் செல்வத்துரை அவர்களே, தாதி லவீனா அவர்களே, மருத்துவ மாணவர்களான கிருஷாந், கோபிகா பிள்ளைகளே! அன்று காலை ஆஸ்பத்திரியில் அந்த வாட்டில் நின்றவர்கள் நீங்கள் நால்வரும். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தது நான். கரவெட்டிச் சனங்களே, மகளைப் பறிகொடுத்த பெற்றோரே, எல்லோருக்கும் வணக்கம்.

இறுதி வருட மருத்துவ மாணவி நிவேதனா எனக்கு உறவா? இல்லை. காங்கேசன்துறையில் மீன் விற்ற எனக்கும் இந்த வாத்தியார் மகளுக்கும் என்ன உறவு! ஆனால், "ஆச்சி, நித்திரை கொண்டனீங்களோ?" என்று தினமும் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"நீ கொண்டனியோ?" என்று ஒருநாள் திருப்பிக் கேட்டேன்.

சிரித்தாள். "சோதினை எழுதி முடியட்டும் ஆச்சி, ஒரு கிழமைக்கு எழும்பமாட்டன்."

அன்று நாடி பார்க்க என் கையைப் பிடித்தாள். அவள் கை தணலாய்ச் சுட்டது.

"பிள்ளை, உனக்கெல்லோ காய்ச்சல்!"

"மூண்டு நாளாய். சத்தம் போடாதேங்கோ. இண்டைக்கு வராட்டில் வரவுக் கையெழுத்து இல்லை. பிறகு சோதினை எடுக்க விடமாட்டினம்."

டொக்டர் வந்தார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கோபிகாதான் கேட்டாள்: "சேர், நிவேதனாவுக்குக் காய்ச்சல். கொஞ்சம் இருக்கலாமோ?"

"நாங்கள் சண்டை நேரம் செல் அடிக்கேக்கை குப்பி விளக்கிலை படிச்சனாங்கள். உங்களுக்குக் காய்ச்சல் ஒரு சாட்டோ?"

ஐயோ! அந்தச் செல்லடிக்குள் நாங்களும்தான் கிடந்தோம். பிள்ளைகளும் அதையே படவேண்டும் என்றா உயிர் தப்பி வந்தோம்?

இரண்டு மணித்தியாலம் நின்றாள். பிறகு விழுந்தாள். ஓடிவந்து தூக்கியவர் லவீனா. டெங்கு என்றார்கள். விழுந்து நாலாம் நாள் போய்விட்டாள். வாட் நிறைய வைத்தியம் படித்தவர்கள்! அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தவர் யார்?

இப்போது இந்த மேடையில், "விழும்வரை கடமையில் நின்றாள்" என்று புகழ்கிறீர்கள். வெட்கமாயில்லையா? அடுத்த பிள்ளையையும் விழும்வரை நில் என்றுதானே சொல்கிறீர்கள்!

காய்ச்சலில் கிடக்கிற மாணவருக்கு வரவு வெட்டக்கூடாது என்று கிருஷாந் ஒரு மனு எழுதியிருக்கிறான். முதல் கைநாட்டு என்னுடையது. கிளினிக்குக்குப் போகும் நாளெல்லாம் அதைக் கொண்டு திரிவேன். நிவேதனா, இது உனக்கு நான் தரும் வாக்கு!

லவீனா ஒப்பமிட்டார். அன்று பயத்தில் வாய் திறவாத கிருஷாந்தை மன்னித்துவிட்டேன். அவள் சொன்னாள் என்று சத்தம் போடாமல் கிடந்த என்னையும் ஒருநாள் மன்னிப்பேன். ஆனால் சற்றுமுன், அவள் படத்துக்கு மாலை போட்ட கையோடு, அந்த மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு விட்டால் எல்லாருக்கும் காய்ச்சல் வரும்" என்று திருப்பித் தந்தவரை மன்னிக்கவே மாட்டேன்.

டொக்டர் செல்வத்துரை.