பல் டாக்டர் போடாத கையெழுத்து

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் களையெடுக்கும் அக்கா தங்கைகளே, உங்களுக்கு என் முதல் வணக்கம். மேடைக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருபத்தேழு ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். இன்று ஒருநாள் முறை தவறுகிறேன். மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர்களே, முன்வரிசையில் தலை நிமிராமல் அமர்ந்திருக்கும், மறைந்த நம் அம்மையாருடைய கணவர் அவர்களே, அவர் பெற்ற மகளே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பேச எனக்கு ஐந்து நிமிடம் என்று ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார்கள். "அம்மையாரின் ஆராய்ச்சிப் பெருமைகளை மட்டும் பேசவும்" என்று அடியில் ஒரு குறிப்பு. அப்படியே ஆகட்டும். பெருமைகளை மட்டும்தான் பேசப்போகிறேன். அது யாருக்குக் கசக்கும் என்பது என் கையில் இல்லை.

வருகிற திங்கட்கிழமை, அவர் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய களையெடுக்கும் இயந்திரத்தை விழா எடுத்து வயலுக்கு அனுப்பப் போகிறோம். அவருடைய நினைவாக என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறோம். இப்போது இருக்கும் நிலையில் அந்த இயந்திரம் வயலுக்குள் இறங்கவே கூடாது என்று சொன்னவர் யார்? அவரேதான்! சொன்னதற்காக நாம் அவருக்குக் கொடுத்த பரிசு என்ன? தேர்வுப் பிரிவில் ஒரு மேசை! இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், மூன்று காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரர், மூன்று வாரங்களுக்கு முன்பு விடைத்தாள் கட்டுகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் அந்த மேசையிலேயே சாய்ந்தார். இதைத்தான் நாம் "பணியில் இருக்கும்போதே மறைந்தார்" என்று இரங்கல் தீர்மானத்தில் எழுதியிருக்கிறோம். எவ்வளவு அழகான தமிழ்!

அவரை இந்த வளாகம் முழுக்க 'பல் டாக்டர்' என்றுதான் அழைப்போம். மாணவர்களுக்குக் காரணம் தெரியாது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வு பல்சக்கரங்களைப் பற்றியது. பல்லோடு பல் உரசும்போது எது முதலில் தேய்கிறது, ஏன் தேய்கிறது என்று ஆறு ஆண்டுகள் உருப்பெருக்கியில் கண் வைத்துப் பார்த்தவர். பணியில் சேர்ந்த புதிதில், எங்கள் கடைநிலை ஊழியர் ஒருவர் வீங்கிய கன்னத்தோடு அவர் அறைக்குள் போய் வாயைத் திறந்து காட்டினார். இவரும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சொத்தைதான், ஆனா எனக்கு இரும்புப் பல்லுதாங்க வைத்தியம் பார்க்கத் தெரியும்" என்று சொல்லி, அவரைத் தன் வண்டியிலேயே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அன்று வைத்த பெயர். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தோம். கதவில் தானே எழுதி ஒட்டிக்கொண்டார்.

அவரும் நானும் ஒரே வாரத்தில் பணியில் சேர்ந்தவர்கள். ஒரே அறை, எதிரெதிர் மேசை, நடுவில் ஒரு ஜன்னல். பல்சக்கரத்தில் இருந்தவர் எப்படி வயலுக்குப் போனார்? விதைக்கும் இயந்திரம் ஒன்றின் கியர்பெட்டி, ஒரே ஆண்டில் நான்காவது முறையாகப் பல் உடைந்து எங்களிடம் வந்தது. உலோகம் சரியில்லை என்று நான் அறிக்கை எழுதிவிட்டேன். அவர் எழுதவில்லை. "ஏம்பா, உடைஞ்ச பல்லைப் பார்த்தாச்சு. உடைச்ச ஆளைப் பார்க்க வேணாமா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தார். நாங்கள் வைத்த கியர் நெம்புகோல் ஓட்டுபவரின் கைக்கு எட்டவில்லை. அவர் அதைக் காலால் உதைத்து உதைத்து மாற்றியிருக்கிறார். பல் உடையாமல் என்ன செய்யும்? "பல்லு மேல குத்தமே இல்லப்பா. நாம வெச்ச இடம் குத்தம்" என்றார். நெம்புகோலை ஒரு சாண் நகர்த்தினோம். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி திரும்பி வரவே இல்லை.

அன்றிலிருந்து அவர் ஆராய்ச்சிக்கூடத்தில் பாதி நாள், வயலில் பாதி நாள். ஓட்டுபவரின் முதுகெலும்பு அதிராத இருக்கையைச் செய்தார். ஈரத்துக்கு ஏற்ப ஆழம் மாற்றி விதைக்கும் கருவியைச் செய்தார். பிறகு, எல்லோரும் புகழும் அந்த அறிவுள்ள இயந்திரம். வரிசைக்கு வரிசை தானே நடக்கும். வயிற்றுக்கு அடியில் இரண்டு கேமரா. பயிர் எது, களை எது என்று படம் பார்த்துப் பிரித்துக்கொள்ளும். களையின் மேல் மட்டும் கத்தி சுழலும். பயிரின் தூரோடு ஒட்டி முளைக்கும் களை மட்டும் அதற்கு எட்டாது. அதற்காகக் களையெடுக்கும் பெண்கள் கூடவே குனிந்து நடப்பார்கள். ஆகவே மனிதக் கையைக் கண்டால் கத்தி அந்த நொடியே நின்று மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். இதுதான் அந்த இயந்திரத்தின் உயிர்.

கை என்றால் என்ன என்று அதற்குக் கற்றுக்கொடுக்கப் பல்லாயிரம் படங்கள் எடுத்தோம். எழுத்தர் கை, ஓட்டுநர் கை, மாணவர்கள் கை. இயக்குநர் அவர்களே, உங்கள் மோதிரக் கையும் அதில் இருக்கிறது. கேமரா பாழாகிவிடக் கூடாது என்பதற்காக அறை வாசலில் நான் ஒரு பலகை மாட்டினேன். "கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு உள்ளே வரவும்." எல்லோரும் கழுவிக்கொண்டு வந்தோம். சோப்புப் போட்டு, துடைத்து, வரிசையில் நின்று கையை நீட்டினோம். இயந்திரம் எங்கள் கைகளை நன்றாகப் படித்துக்கொண்டது. சோதனையில் ஆயிரம் முறைக்கு ஆயிரம் முறையும் நின்றது. கைதட்டினோம்! இனிப்பு கொடுத்தோம்! படித்த முட்டாள்கள் கூடினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் அன்றைய புகைப்படத்தைப் பார்க்கலாம். வராந்தாவில் இன்னும் தொங்குகிறது.

வயலில் முதல் நாள். அதோ, பின்வரிசையில் தூணை ஒட்டி அமர்ந்திருக்கிறாரே, களையெடுக்கும் கூட்டத்துக்கே மூத்தவர், எல்லோருக்கும் பெரியக்கா, அவர் இயந்திரத்துக்குப் பக்கத்து வரிசையில் குனிந்திருந்தார். தூரை ஒட்டிய களையைப் பிடுங்கக் கையை நீட்டினார். மணிக்கட்டு வரை சேறு. இயந்திரம் பார்த்தது. அது படித்த பாடத்தில் கை என்றால் சுத்தமானது. இது கை இல்லை, மண் என்று முடிவு செய்தது. கத்தி நிற்கவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மருத்துவமனையில் பெரியக்கா எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நம் பல் டாக்டரம்மாவைப் பார்த்து, "அதுக்கு என் கை மண்ணாத்தான் தெரிஞ்சிருக்குமா தாயி?" என்றுதான் கேட்டார். டாக்டரம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "நம்மள்ல ஒருத்தருக்குக்கூட தோணலயேப்பா. களை எடுக்கிற கை எப்படி இருக்கும்னு."

அதன்பின் பதினான்கு மாதங்கள் அவர் வயல் வயலாகப் போனார். சேற்றுக் கை, காய்ந்த மண் படிந்த கை, வேரோடு பிடுங்கிய களையைப் பிடித்த கை, கிழிந்த உறை போட்ட கை. இங்கே பின்வரிசையில் இருப்பவர்களில் அவருக்குக் கை காட்டாதவர் யாராவது உண்டா? ஒருவரும் இல்லை. பெரியக்கா மிச்சமிருந்த மூன்று விரல்களையும் காட்டினார். டாக்டரம்மா முழுப் பாடத்தையும் இயந்திரத்துக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். இப்போது இயந்திரம் நின்றது. சேற்றுக் கைக்கும் நின்றது. ஆனால் சந்தேகம் வந்தபோதெல்லாம் நின்றது, மண்கட்டிக்கும் நின்றது. ஒரு நாளைக்கு இரண்டு ஏக்கர் முடித்த இயந்திரம் முக்கால் ஏக்கர்தான் முடித்தது. இன்னும் ஒரு சாகுபடிக் காலம் கொடுங்கள், சந்தேகத்தைக் குறைத்துவிடுகிறேன் என்று கேட்டார்.

ஒரு சாகுபடிக் காலம்! நான்கே மாதங்கள்! நாம் கொடுத்தோமா?

கூட்டம் போட்டோம். முக்கால் ஏக்கர் இயந்திரத்தை யார் வாங்குவார்கள் என்று கேட்டோம். பழைய பாடத்தையே போட்டு, "இயங்கும்போது அருகில் செல்லாதீர்" என்று ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிடலாம் என்று தீர்மானித்தோம். அவர் எழுந்து, "பக்கத்துல போகாம களை எப்படி எடுப்பாங்க? ஸ்டிக்கரைப் பார்த்து களையே எழுந்து வந்துடுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பாதுகாப்புச் சான்றிதழில் சோதனைப் பிரிவுத் தலைவர் என்ற முறையில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாளே அவருக்குத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றல் உத்தரவு. சோதனைப் பிரிவுக்குப் புதிய தலைவர் நியமனம்.

யார் அந்தப் புதிய தலைவர் என்று மாணவர்கள் யோசிப்பீர்கள். உங்கள் முன்னால் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனே, நான்தான்.

அந்தச் சான்றிதழில் இருப்பது என் கையெழுத்து. யாரும் என்னை மிரட்டவில்லை. நாற்காலி கொடுத்தார்கள், உட்கார்ந்தேன். தாளை நீட்டினார்கள், போட்டேன். சமாதானம் சொல்ல எனக்கு வாயா இல்லை? நான் போடாவிட்டால் இன்னொருவன் போடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை தேர்வுப் பிரிவின் வாசலில் அவரைப் பார்த்தேன். ஏன் போட்டாய் என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. "கத்தியோட வேகத்தையாவது குறைக்கச் சொன்னியாப்பா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் என்னிடம் பேசிய கடைசிச் சொல் அதுதான். அதற்குப் பிறகு எட்டு மாதங்கள், தேர்வுப் பிரிவு வழியாகப் போக வேண்டியிருந்தால் நான் பின்பக்கப் படிக்கட்டில் ஏறிப் போனேன். இருபத்தேழு ஆண்டுகள் எதிர் மேசையில் இருந்தவரின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவர் இறந்த செய்தி வந்தபோது, கேட்டால் நம்ப மாட்டீர்கள், முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இனி பின்படிக்கட்டில் ஏற வேண்டாம் என்று ஒரு நிம்மதி. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் தன்னைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

இயக்குநர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தான்.

அவர் கணவரிடம் நேற்றுப் போனேன். உள்ளே விடுவாரா என்று தயங்கினேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உங்களை அவ ஒரு வார்த்தை குறை சொன்னதில்லைங்க. பயந்தவன்னு மட்டும் ஒருநாள் சொன்னா" என்றார். அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். பிறகு மகள் ஒரு கணினி வன்தட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். தேர்வுப் பிரிவில் நாளெல்லாம் நூல் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து, அந்த எட்டு மாதங்களும் அவர் வேலையை நிறுத்தவே இல்லை. மண்கட்டியையும் சேற்றுக் கையையும் பிரித்துக் காட்டும் பாடத்தை ஏறக்குறைய முடித்து வைத்திருக்கிறார். மிச்சம் இருப்பது வயலில் ஒரு சாகுபடிக் காலச் சோதனை. அன்று நாம் மறுத்தோமே, அதே நான்கு மாதங்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய அத்தனை பேரும் சூளுரைத்தார்கள். நல்லது. நானும் சூளுரைக்கிறேன். இது என் கடிதம். அந்தச் சான்றிதழில் போட்ட கையெழுத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கையெழுத்து இல்லாமல் திங்கட்கிழமை அந்த இயந்திரம் கொட்டகையை விட்டு நகர முடியாது. பெரியக்கா, உங்கள் யார் பக்கத்திலும் அது வராது. இதற்காக என்னை எங்கே மாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும், தேர்வுப் பிரிவில்தான் இப்போது மேசை காலியாக இருக்கிறதே! அங்கே உட்கார்ந்தாலும் இந்த நான்கு மாதச் சோதனையை நடத்தி முடிப்பேன். முடிந்த அன்று, சேற்றில் முக்கியெடுத்த என் கையைத்தான் அந்தக் கத்திக்கு முன்னால் முதலில் வைப்பேன். அது நின்றால் மட்டும் மறுபடி கையெழுத்துப் போடுவேன். நிற்காவிட்டால், போடுவதற்கு எனக்கு விரல் இருக்காது.

எனக்குப் பதிலாக இன்னொருவரைப் போடச் சொல்வீர்கள். சொல்லுங்கள். அவரும் முதலில் கையை வைத்துவிட்டுப் போடட்டும்.

இயக்குநர் அவர்களே, கடிதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.