ஒரு ஊசிக்குப் போயி இவ்ளோ ரகளை

ஒரு ஊசிம்மா! ஒரே ஒரு ஊசி! அதுக்குப் போயி அந்த வாசல் காவல்காரம்மா என்னை வெடிகுண்டு கொண்டாந்தவ மாதிரி பாக்குது. "ஜெயிலுக்குள்ள ஊசி கூடாது"ங்குது. ஏன் கூடாதுங்கறேன்? உள்ள இருக்கறவ தையக்காரி! தையக்காரியப் பாக்க வர்றவ ஊசி கொண்டாராம மண்வெட்டியா கொண்டாருவா?

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பைய வச்சுக்கறேன். நீங்க யாரப் பாக்க... தங்கச்சியா? அவளும் புருஷன் அடி தாங்காமதான்... ஐயய்யோ. எங்க தையக்காரி கதையும் அதேதாம்மா. எனக்கு அடுத்த வீடு. நடுவுல ஒரே சுவரு.

இந்தா பாருங்க, என் சட்டை. ஒரு கை தைச்சுட்டா, இன்னொரு கை வைக்கறதுக்குள்ள போலீசு வந்து கூட்டிட்டுப் போயிருச்சு. உள்ள சும்மாதானே உக்காந்திருக்கா? அவளுக்கும் பொழுது போகும், எனக்கும் சட்டை முடிஞ்ச மாதிரி இருக்கும். ஆதரவுன்னா இதானே? சொல்லுங்க!

எங்க கட்டடத்துல ஆதரவுக் குழுவே ஆரம்பிச்சோம். நான்தான் தலைவி. போர்டுல 'சகோதரி'ன்னு எழுதறதா, 'தோழி'ன்னு எழுதறதான்னு ரெண்டு கூட்டம் முழுக்கச் சண்டை. மூணாவது கூட்டத்துல பிஸ்கட்டு தீந்துபோச்சு, கலைஞ்சுட்டோம். அதுக்குள்ள அவ கேஸப் பாக்கற வக்கீலம்மா வந்து, "போர்டெல்லாம் வேணாம், புருஷன் அடிச்சது தெரிஞ்ச ஒரு ஆள் கோர்ட்டுல வந்து சொன்னாப் போதும்"னுச்சு. உடனே எல்லாரும் என்னையே திரும்பிப் பாக்கறாங்க! ஏன், எனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?

நான் பண்ணாத உதவியாம்மா? சாயங்காலமானா அவ மிஷின் ஓடற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அவன் தண்ணியப் போட்டுட்டு வருவான். மிஷின் நிக்கும். நின்னாலே எனக்குத் தெரிஞ்சுரும். போட்டது போட்டபடி ஓடிப்போயி டிவி சத்தத்தக் கூட்டிருவேன். எதுக்கு? மத்த வீட்டுக்காரங்களுக்குக் கேட்டா அவ மானம் என்னாகறது? வருஷக்கணக்கா காப்பாத்தியிருக்கேன்மா! என் காதே மந்தமாயிடுச்சு. எனக்கு யாராவது ஆதரவுக் குழு வச்சாங்களா?

அழுத்தக்காரி வேற. கொளுத்தற வெயில்லயும் மணிக்கட்டு வரைக்கும் கை வச்ச சட்டைதான் போடுவா. நல்லாருக்கேன்னு, எனக்கும் அதே மாதிரி தைச்சுக் குடுடின்னேன். "உங்களுக்கு அது எதுக்குக்கா"ன்னு சிரிச்சுட்டா. கேட்டீங்களா? எனக்குப் பொருந்தாதாமாம்! கோவத்துல நாலு நாள் அவகூடப் பேசவே இல்ல.

அன்னிக்கு அவன் கத்திரிக்கோலத் தூக்கிட்டு வந்திருக்கான். இவ கையில சூடா இஸ்திரிப் பொட்டி. போட்டா பாருங்க தலையில! ...செத்தானா? அட நீங்க வேற, குத்துக்கல்லாட்டம் இருக்கான். புண்ணு எப்பவோ ஆறிப்போச்சு, தலைக்கட்டை மட்டும் அவுக்க மாட்டேங்கறான். தெருவெல்லாம் அதோடதான் உலாத்தல். பாவமேன்னு நானும் சூப்பு வச்சுக் குடுத்தேன். நமக்கு ரெண்டு பக்கமும் வேணுமில்ல? ஆனா இவ மேல கொலை முயற்சின்னு கேஸு.

போலீசுக்கு யாரு சொன்னதா? நான்தான்! பின்ன? ஆம்பள அலறுன சத்தம்மா! டிவிய மீறிக் கேட்டுச்சு. உடனே போனப் போட்டேன். அவ அழுதா, சரி, எப்பவும் அழறதுதான். ஆம்பள அலறுனா என்னமோ ஏதோன்னு பதறாதா?

வந்தவங்க கேட்டாங்க, "இதுக்கு முன்னாடி அந்த வீட்டுல ஏதாவது சண்டை, சத்தம்?" கேட்டுச்சுன்னு சொன்னா, அப்பல்லாம் ஏன் போன் பண்ணலன்னு என்னையில்ல புடிச்சுக்குவாங்க? "ஒண்ணுமே கேட்டதில்லைங்க, தங்கமான குடும்பம்"னுட்டேன். நல்ல வார்த்தைதானே சொன்னேன்? அத வச்சுத்தான் அவ சொல்றத யாரும் நம்பலயாம், வெளியவும் விடலயாம். வக்கீலம்மா என்கிட்டயே வந்து சொல்லுது, என் தலையெழுத்தப் பாருங்க!

இவளும் லேசுப்பட்டவ இல்ல. போன வாரம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு சோப்ப வாங்கல, துண்ட வாங்கல. "அக்கா, எனக்கு ஒண்ணும் கொண்டாராதீங்க. டிவிய ஏன் அவ்ளோ சத்தமா வச்சீங்கன்னு மட்டும் ஜட்ஜுகிட்ட வந்து சொல்லுங்க"ங்கறா. நாளைக்கு விசாரணை. எனக்கு ராத்திரி தூக்கமே வரல, தெரியுமா? அதான் இந்த ஊசி. கையில ஒரு வேலை இருந்தா திரும்பத் திரும்ப அதையே பேசிக்கிட்டு இருக்க மாட்டால்ல?

ஏம்மா... எந்திரிச்சுட்டீங்க? ஃபேன் இங்கதானே இருக்கு... அந்தப் பெஞ்சு வெயில்ல கெடக்கு! ஏம்மா, உங்களத்தான்! இவ்ளோ சத்தமாக் கூப்புடறேன், காதுல விழாத மாதிரியே போறீங்களே!